பழையதெல்லாம் விக்டோரியா அல்ல

பரணில் கிடக்கும் சீமெண்ணெய் விளக்கு எதுவானாலும் அது விக்டோரியா மகாராணி காலத்தது; விக்டோரியா காலத்தது என்றால் அதற்கு லட்சக்கணக்கில் விலை உண்டு. சேலம், நாமக்கல் பக்கம் இன்று இதை மறுத்துப் பேசுபவர் அரிது. பனமரத்துப்பட்டியில் ஓர் ஓட்டுவீட்டைப் பிரிக்கிறார்கள் என்றால், உத்திரத்துக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேசுவதற்கு முன்பே விளக்கைப் பற்றிய பேச்சு கிளம்பிவிடுகிறது. பழைய பாத்திரக் கடையில் எடைக்குக் கேட்டால் "ஏமாத்தப் பாக்கறான்" என்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் காரில் வந்து இறங்கி "இது இங்கிலாந்து அயிட்டம்" என்றால் மறுபேச்சின்றி நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு. இதனால் பணம் போகிறது. பணத்தைவிடப் பெரியதாக, நம் வீடுகளின் வரலாறும் போகிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விளக்குகள் தமிழ்நாட்டுக்கு ஏராளமாக வந்தன, உண்மை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்த நகரத்தார் தங்கள் வீடுகளுக்கு ஐரோப்பியக் கண்ணாடியையும் விளக்குகளையும் கப்பலில் கொண்டுவந்தார்கள். நம் தலைமேல் இருக்கும் ஏற்காட்டில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பங்களா கட்டி வாழ்ந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது விட்டுப்போன சாமான்கள் அடிவாரத்துக்கு இறங்கின. இதுவும் உண்மை. காயலாங்கடைக்காரர்கள் அரிய பொருள்களைக் கிலோ கணக்கில் வாங்கி நகரத்தில் பல மடங்கு விலைக்குக் கைமாற்றியிருக்கிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஆகவே, "விலை அதிகம் என்று நினைத்துக்கொள்வது நம்மைக் காக்கும் எச்சரிக்கை" என்பது அவர்கள் வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இந்த மூன்று உண்மைகளிலிருந்து அவர்கள் போய்ச் சேரும் முடிவு ஒன்றுகூட நிற்காது.

மறுப்பு 1: காலக் கணக்கே உதைக்கிறது

விக்டோரியா அரியணை ஏறியது 1837-ல். இறந்தது 1901 ஜனவரியில். அறுபத்துமூன்று ஆண்டு ஆட்சி என்பதால் அதற்குள் எதையும் அடைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் விளக்கின் கணக்கு வேறு. ஆப்ரகாம் கெஸ்னர் கனடாவில் சீமெண்ணெய் வடிப்பதைச் செய்துகாட்டியது 1846-ல். லுவோவ் நகரத்து மருந்தாளுநர் இக்னாசி உகாசியெவிச் உருவாக்கிய விளக்கு அங்குள்ள மருத்துவமனையில் எரிந்தது 1853-ல். அமெரிக்காவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியது 1859-ல். ஆக, மகாராணியின் ஆட்சியில் முதல் பதினைந்து ஆண்டுகளுக்குச் சீமெண்ணெய் விளக்கு என்ற ஒன்றே கிடையாது. அந்தக் காலத்து இங்கிலாந்து மேசை விளக்கு, கடுகினத்து எண்ணெயைச் சுருள்வில்லால் மேலேற்றி எரித்த கனமான கருவி. அப்படிப்பட்ட ஒன்று நம் ஊர்ப் பரணிலிருந்து இறங்கியதாக யாரும் சொல்வதில்லை. எல்லோரும் காட்டுவது சீமெண்ணெய் விளக்கைத்தான்.

அந்தச் சீமெண்ணெய் இங்கே எப்போது வந்தது? ஆரம்பத்தில் தகரங்களில் அடைத்து மரப்பெட்டியில் வைத்து வந்தது, விலை அதிகம். மார்க்கஸ் சாமுவேல் கட்டுவித்த ‘மியூரெக்ஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது 1892 ஆகஸ்டில். தொட்டியில் மொத்தமாக எண்ணெய் கொண்டுவரும் முறை அதற்குப் பிறகுதான் ஆசியாவில் பரவியது. பர்மா ஆயில் கம்பெனி அமைந்ததும் 1886-ல்தான். அதுவரை நம் வீடுகளில் எரிந்தது ஆமணக்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும். சேலத்து மானாவாரிக் காட்டில் ஆமணக்குக்குப் பஞ்சமில்லை. செக்கும் உள்ளூரிலேயே இருந்தது. அகல் போதுமானதாக இருந்த வீட்டில், எண்ணெய் மலிவாகாத வரை, கண்ணாடி சிம்னி வைத்த சீமை விளக்குக்கு வேலை இல்லை. மகாராணி இறப்பதற்கு முந்தைய எட்டொன்பது ஆண்டுகள்தான் மலிவு எண்ணெயோடு ஒட்டுகின்றன.

மறுமுனையையும் பாருங்கள். மேட்டூர் அணை முடிந்தது 1934-ல். அங்கே மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1937-ல். கம்பி கிராமம் கிராமமாகப் போனது பெரும்பாலும் 1950-களிலும் 60-களிலும். வீட்டுக்குக் கரண்டு வந்த பிறகும் மின்வெட்டுக்காக விளக்கு மாடத்திலேயே இருந்தது. சீமெண்ணெய் விளக்கு நம் பக்கத்தில் அறுபது, எழுபது ஆண்டு எரிந்திருக்கிறது என்றால், அதில் விக்டோரியாவின் பங்கு தொடக்கத்துத் துணுக்கு மட்டுமே. மிச்சம் முழுக்க இருபதாம் நூற்றாண்டு. எந்த ஆதாரமும் இல்லாத ஒரு விளக்கைக் கையில் எடுத்தால் முதல் ஊகம் எதுவாக இருக்க வேண்டும்? 1920-லிருந்து 1960-க்குள் வாங்கியது என்பதாகத்தானே? நிரூபிக்க வேண்டிய கடன் "விக்டோரியா" என்பவருடையது, சந்தேகப்படுபவருடையது அல்ல.

மறுப்பு 2: விளக்கின் இனத்தைக்கூடப் பார்ப்பதில்லை

விக்டோரியா காலம் என்று சொல்லி விலை பேசப்படுபவற்றில் எத்தனை பெட்ரோமாக்ஸ்! காற்றடித்து மேண்டில் எரியும் அந்த விளக்கை பெர்லினின் எரிச் அண்ட் கிரேட்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது 1910-ஐ ஒட்டி. திருமண ஊர்வலத்திலும் தெருக்கூத்திலும் அதைத் தலையில் சுமந்தவர்களைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே உயிரோடு இருக்கிறார்கள். அதை எந்தக் கணக்கில் மகாராணியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அலாவுதீன் என்ற பெயருள்ள மேண்டில் விளக்கும் அப்படித்தான். அதைச் செய்த மேண்டில் லாம்ப் கம்பெனி சிகாகோவில் தொடங்கியது 1908-ல்.

அரிக்கேன் விளக்கின் கதை கொஞ்சம் நுணுக்கமானது. பக்கக் குழாய் வழியே காற்று இறங்கும் அந்த அமைப்புக்கு அமெரிக்காவில் ஜான் இர்வின் காப்புரிமை பெற்றது 1860-களின் கடைசியிலும் 1870-களிலும். அமைப்பு விக்டோரியா காலத்ததுதான். ஆனால் அதே அமைப்பில் இன்றுவரை லாந்தர் செய்கிறார்கள். நம் வீடுகளில் கிடைப்பவற்றில் ‘ஃபாயர்ஹாண்ட்’ என்று தீச்சுடர் ஏந்திய கை முத்திரையோடு இருப்பது, ஹெர்மன் நியர் 1902-ல் சாக்சனியில் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. நிறுவனமே மகாராணி இறந்த பிறகு பிறந்தது. ‘பிரபாகர்’ என்றிருந்தால் மகாராஷ்டிரத்து ஓகலேவாடியில் செய்த சுதேசி லாந்தர். ஓகலே கண்ணாடித் தொழிற்சாலை இந்தியத் தொழில் வரலாற்றில் மதிப்பான பெயர். அந்த லாந்தரை வைத்திருப்பவர் அதை அந்தப் பெயராலேயே பெருமையாகச் சொல்லலாம். அதன் மேல் ஒரு வெள்ளைக்கார ராணியின் பெயரை ஒட்டி விற்பது அந்தத் தொழிலாளிகளுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

மறுப்பு 3: பெயர் பொறித்திருந்தால் போதும் என்கிறார்கள், போதாது

இதுதான் இருப்பதில் வலுவான வாதம், அதனால் இங்கே சற்று நிற்க வேண்டும். "இங்கிலீஷ்ல பேர் இருக்குங்க, பாருங்க" என்று திரி ஏற்றும் திருகைக் காட்டுவார்கள். திருகில் இருப்பது பர்னர் செய்தவரின் பெயர். விளக்கின் தண்டையும் எண்ணெய்ப் புட்டியையும் வேறொருவர் செய்திருக்கலாம். ஷேடு மூன்றாம் நிறுவனத்திலிருந்து வந்திருக்கலாம். பர்மிங்காமின் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் அண்ட் சன் 1865-ல் காப்புரிமை பெற்ற இரட்டைத் திரி பர்னர் நன்றாக எரிந்தது. ஆகவே அதை எல்லோரும் வாங்கித் தங்கள் விளக்கில் பொருத்தினார்கள். பிறகு பலர் அதே மாதிரியில் தாங்களும் செய்தார்கள். பெர்லின் வில்ட் அண்ட் வெசல் நிறுவனத்தின் காஸ்மோஸ் பர்னருக்கும் இதே கதை. இந்த இரண்டு வகையும் இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் உற்பத்தியானவை. இரட்டைத் திரி இருப்பதே விக்டோரியாவுக்குச் சான்று என்பது, மாட்டு வண்டி ஓடுவதால் இது சோழர் காலம் என்பதைப் போன்றது.

முத்திரையைப் படிக்கத் தெரிந்தால் அது பேசும். ஆனால் அது பெரும்பாலும் விற்பவர் விரும்பாததையே சொல்லும்.

இங்கிலாந்துப் பொருள்களில் 1842 முதல் 1883 வரை பதிவான வடிவமைப்புகளுக்கு சாய்சதுர வடிவில் ஒரு குறி உண்டு. 1884 ஜனவரியிலிருந்து அது போய், ‘ஆர்டி. நம்பர்’ என்று தொடர் எண் வந்தது. ஒன்றிலிருந்து தொடங்கிய அந்த எண் 1902 பிறக்கும்போது ஏறத்தாழ 3,85,000-ஐத் தொட்டிருந்தது. உங்கள் விளக்கில் நாலு லட்சத்துக்கு மேல் எண் இருந்தால் வாதமே முடிந்தது. அதற்குக் கீழே இருந்தாலும் அந்த எண் சொல்வது வடிவமைப்பு பதிவான ஆண்டை மட்டுமே. அதே வடிவத்தை அதற்குப் பல ஆண்டு கழித்தும் வார்த்திருக்கலாம்.

ஜெர்மன் பொருளில் டி.ஆர்.பி. என்றிருந்தால் 1877-க்குப் பிந்தியது, டி.ஆர்.ஜி.எம். என்றிருந்தால் 1891-க்குப் பிந்தியது. நாட்டின் பெயர் பொறிப்பது பிரிட்டனில் 1887-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்துக்கும் இந்தியாவில் 1889-ம் ஆண்டு சட்டத்துக்கும் பிறகு பரவிய வழக்கம். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்குப் பிந்தியது. அப்போது நம் நாட்டுக்குச் சுதந்திரமே கிடைத்துவிட்டது. ‘வெஸ்ட்’ என்ற அந்தச் சின்னச் சொல்லைத் தேய்த்து அழித்த விளக்குகளும் சந்தையில் உண்டு. தகரத்தில் ஓரிடம் மட்டும் பளபளவென்று வழுவழுப்பாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கென்றே ஒரு சான்று இருக்கிறது: ரயில்வே விளக்கு. சூரமங்கலத்தைச் சுற்றி ரயில்வே குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. மூன்று வண்ணக் கண்ணாடி வைத்த கைவிளக்குகள் அந்த வீடுகளிலிருந்து சந்தைக்கு வருகின்றன. எல்லாமே ‘விக்டோரியா ரயில்வே லைட்’ என்ற பெயரில். இதில் சரித்திரம் துல்லியமாக இருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் பாதை 1860-களின் தொடக்கத்தில் திறந்தபோது அது மெட்ராஸ் ரயில்வேயுடையது, எழுத்து எம்.ஆர். 1908-ல் மெட்ராஸ் ரயில்வே கலைக்கப்பட்டு, இந்தப் பாதை சவுத் இந்தியன் ரயில்வேயின் கைக்குப் போனது, எழுத்து எஸ்.ஐ.ஆர். 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே வந்தது, எழுத்து எஸ்.ஆர். ஆக, சேலம் ஸ்டேஷனில் பயன்பட்ட விளக்கு என்று சொல்லி எஸ்.ஐ.ஆர். எழுத்தோடு ஒன்றைக் காட்டினால், அது இங்கே வந்தது 1908-க்குப் பிறகு. எஸ்.ஐ.ஆர். 1874-லேயே அமைந்துவிட்டது, ஆனால் அப்போது அது ஓடியது திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம். எம்.ஆர். எழுத்துள்ள விளக்கு கிடைத்தால் அது உண்மையிலேயே பேசவேண்டிய பொருள். எஸ்.ஐ.ஆர். விளக்கும் மதிப்புள்ளதுதான், அதன் மதிப்பு நம் ஊர் ரயில்வேத் தொழிலாளியின் சரித்திரத்திலிருந்து வருகிறது. அதற்கு மகாராணி தேவையில்லை.

மறுப்பு 4: கனமும் பளபளப்பும் எதையும் நிரூபிப்பதில்லை

"தூக்கிப் பாருங்க, என்ன கனம்! அந்தக் காலத்துப் பித்தளை" என்பது அடுத்த வாதம். பர்மிங்காம் பட்டறைகளின் திறமையே மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவம் எடுப்பதில் இருந்தது. விளக்கு சாயாமலிருக்க அடியில் இரும்போ சாந்தோ வைத்து எடை ஏற்றினார்கள். கையில் கனக்கிறது என்றால் அடியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பித்தளை என்று நினைத்து நீங்கள் மதிப்பிட்டது இரும்பின் எடையாக இருக்கும். இன்னொரு பக்கம், மொராதாபாத் பித்தளைத் தொழில் விக்டோரியா மாதிரி விளக்குகளை இன்றும் செய்து அனுப்புகிறது. அதில் குற்றம் ஏதும் இல்லை. புதியது என்று சொல்லி விற்கும்வரை அது நேர்மையான தொழில். இடையில் ஒருவர் அமிலம் தடவிக் கறுக்கவைத்து, "ஏற்காடு பங்களாவில் எடுத்தது" என்று கதை சொல்லும்போதுதான் மோசடி ஆகிறது.

பழசை எப்படித்தான் தெரிந்துகொள்வது? பயன்பாட்டின் தேய்மானத்தைப் பாருங்கள். திரியை ஏற்றி இறக்கும் பற்சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். திரிக்குழாயின் உள்ளே கரி இறுகியிருக்கும். அதை யாரும் செயற்கையாகச் செய்ய மெனக்கெடுவதில்லை. கைபடும் இடம் வழுவழுப்பாகவும் கைபடாத இடுக்கு கறுத்தும் இருக்கும். அமிலம் தடவிய விளக்கில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியிருக்கும். கண்ணாடிப் புட்டியின் கழுத்தில் பித்தளை வளையத்தைப் பழைய விளக்கில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் பதித்திருப்பார்கள். அங்கே எம்-சீல் தெரிந்தால் ஒன்று புதிது, இல்லையென்றால் பழுதுபார்த்தது. நட்சத்திரத் தலை திருகாணி எங்காவது இருந்தால் அது 1930-களுக்கு முன்பு போட்டது அல்ல. இந்தச் சோதனைகளுக்கு லென்ஸும் டார்ச்சும் போதும்.

இந்த நம்பிக்கையின் மிக மோசமான விளைவும் இங்கேதான் வருகிறது. பளபளத்தால் விலை ஏறும் என்று நினைத்து, புளியும் பொடியும் போட்டுத் தேய்த்து, அதற்கும் மேலே பஃபிங் சக்கரத்தில் கொடுத்துவிடுகிறார்கள். முத்திரை மழுங்குகிறது; ஆண்டைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி போகிறது. அதற்கும் ஒருபடி மேலே போய், அடியில் துளை போட்டு வயர் இழுத்து எல்.ஈ.டி. பல்பு மாட்டுகிறார்கள். துளை போட்ட எண்ணெய்ப் புட்டியை எந்தப் பட்டறையும் பழையபடி ஆக்கித் தராது. சேகரிப்பவர் எவரும் அதை முழு விளக்காகக் கணக்கில் எடுக்கமாட்டார்.

மறுப்பு 5: கேட்கும் விலை விலை அல்ல

"செல்லுல பாத்தேன், இதே விளக்கு ரெண்டு லட்சம் போட்டிருக்கான்." போட்டிருக்கிறான், சரி. யாராவது கொடுத்தார்களா? கேட்கும் விலைக்கு எல்லை இல்லை; விற்ற விலைக்குத்தான் பொருள் உண்டு. ஏலக்கூடங்கள் விற்ற விலையை வெளியிடுகின்றன. அதைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. அந்த விலையிலும் ஏலக்கூடத்தின் கழிவு கலந்திருக்கும். விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு.

இங்கிலாந்தில் விக்டோரியா விளக்கு அபூர்வப் பொருளா? இல்லவே இல்லை. அவை ஆலைகளில் ஆயிரக்கணக்கில் உற்பத்தியானவை. அங்கே ஒவ்வொரு நடுத்தர வீட்டிலும் எரிந்தவை. சாதாரண இரட்டைத் திரி விளக்கு அங்கே சிற்றூர் ஏலங்களில் வாடிக்கையாக வந்துபோகும் சரக்கு. விலை ஏறுவது வேறு காரணங்களால்: விளக்கின் எல்லா உறுப்பும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஒரே தொகுப்பாக இருப்பது, வண்ணக் கண்ணாடிப் புட்டியும் ஷேடும் விரிசலின்றித் தப்பியது, நல்ல வடிவமைப்பாளரின் கைவண்ணம், யார் வீட்டில் இருந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம். பல விளக்குகளில் ஷேடு மட்டுமே மிச்சம் எல்லாவற்றையும்விட அதிக விலை பெறும். உடைவது அதுதான், அதனால் அரிது அதுதான். நம் பக்கம் நடப்பது நேர்மாறு. கண்ணாடியை "உடைஞ்சா கைய அறுக்கும்" என்று முதலில் தூக்கி எறிந்துவிட்டு, பித்தளைத் தண்டைப் பத்திரமாகச் சாக்கில் கட்டி வைக்கிறார்கள். எறிந்ததில்தான் விலை இருந்தது.

மறுப்பு 6: வெளிநாட்டுக்காரர் கோடி கொடுப்பார் என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது

1972-ம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது நூறு ஆண்டு பழமையுள்ள கலை, கைவினைப் பொருள் அதன்படி தொல்பொருள். அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு எவரும் அதை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று சான்று தருவது இந்தியத் தொல்லியல் துறையின் வேலை. காரில் வந்தவரின் வேலை அல்ல.

இதை வைத்து அந்தக் கதையைச் சோதியுங்கள். விளக்கு உண்மையிலேயே விக்டோரியா காலத்தது என்றால் அதற்கு நூற்றிருபது வயதுக்கு மேல். தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடியது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப வழியில்லை. தாராளமாக அனுப்பலாம் என்று அவர் சொன்னால், அது நூறு வயது ஆகாத விளக்கு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இரண்டும் ஒரே வாயில் வந்தால் அது வியாபாரப் பேச்சு அல்ல, மோசடிப் பேச்சு. அடுத்து "டெஸ்ட் பண்ண, சர்ட்டிபிகேட் வாங்க" என்று முன்பணம் கேட்பார்கள். அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் என்று தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் நிலத்தை அடகு வைத்து ஏமாந்தன என்பது போலீஸ் வழக்குகளில் இருக்கிறது. பழைய நாணயம், நோட்டுகளை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்கள் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. விளக்கின் மேல் பூசிய மகாராணிக் கதை அதே கும்பலுக்குத் திறந்துவிட்ட இன்னொரு கதவு.

இனி, எதிர்த்தரப்பின் கடைசி அரணுக்கு வருகிறேன். "அதிகமாக நினைத்துக்கொள்வதால் நஷ்டம் என்ன? காயலாங்கடைக்காரனிடம் ஏமாறாமல் இருக்கலாமே?" நஷ்டம் இருக்கிறது. லட்சம் வரும் என்று காத்திருக்கும் குடும்பம், நியாயமான சில ஆயிரம் கொடுக்க வந்த நல்ல சேகரிப்பாளரை விரட்டிவிடுகிறது. பங்காளிகளுக்குள் ஒரு தகர லாந்தருக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. வருடங்கள் கழித்து உண்மை தெரியும்போது வரும் கோபத்தில், அது கிலோ கணக்குக்கே போய்விடுகிறது. எந்தக் கடைக்காரரிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொன்னார்களோ, கடைசியில் அவர் தராசிலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். மிகை மதிப்பும் குறை மதிப்பும் எதிரெதிர் என்று நினைக்கிறோம். இரண்டும் பொருளைப் பார்க்க மறுக்கும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இந்தப் பழக்கத்தின் விளைவை வரிசையாகப் பார்க்கலாம். பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் விளக்குகள் அங்கே தொங்குகின்றன. எந்த ஊர், எந்த வீடு, ரங்கூனிலிருந்து வந்ததா கொழும்பிலிருந்து வந்ததா என்பதற்கு ஒரு சீட்டும் கூட வருவதில்லை. வீட்டுக்காரர் விளக்கை மட்டும் விற்கவில்லை. அதன் விலையைத் தாங்கி நின்ற சான்றையும் சும்மா கொடுத்துவிட்டார். நம் பக்கத்திலும் ஓட்டுவீடுகள் வேகமாகப் பிரிகின்றன. சீமெண்ணெய் வாங்கக் கூப்பன் கடையில் நின்ற பாட்டி, லாந்தரோடு இரவில் ஏற்றம் இறைக்கப் போன தாத்தா, கரண்டு வந்த நாளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் விளக்கை எப்போது, எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவரிடம் "இது எந்த ராணி காலம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, விளக்கு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இது. தேய்க்காதீர்கள். துளை போடாதீர்கள். சிம்னி, ஷேடு, பர்னர், புட்டி எதையும் பிரிக்காதீர்கள். ஓட்டை உடைசலாக இருந்தாலும் சேர்த்தே வையுங்கள். எல்லா முத்திரையையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். எந்த வீட்டில், யார் கையில், எந்த ஆண்டிலிருந்து இருந்தது என்று வீட்டுப் பெரியவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, விளக்கோடு வையுங்கள். விக்டோரியா காலம் என்று எவராவது சொன்னால், எந்த முத்திரை, எந்த எண், எந்த ஆண்டு என்று கேளுங்கள். அதற்கு வியாபார உரிமம் எங்கே என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு விளக்கை விற்காதீர்கள். அவரிடம் வாங்கவும் செய்யாதீர்கள்.